சத்துணவு அரிசியில் மிதக்கும் மணிகளைக் கொட்ட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிச் சத்துணவுக்கு வரும் செறிவூட்டப்பட்ட அரிசியில் 100 மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த மணிகள் கலந்திருக்கும். அரிசி மாவில் செய்த இவை நிறத்தில் சற்று மாறுபடும். களையும்போது சில மேலே மிதக்கும். 'பிளாஸ்டிக் அரிசி' என்று பயந்து பல சமையலறைகளில் அவற்றை அள்ளிக் கொட்டிவிடுகிறார்கள். குழந்தைக்குச் சேர வேண்டிய சத்து அங்கேயே போய்விடுகிறது. அரிசியை இரண்டு முறை லேசாக அலசினால் போதும். நீண்ட நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினாலும், கஞ்சியை வடித்தாலும் சத்து கரைந்து ஓடிவிடும். அளந்த தண்ணீரில் பொங்கி இறக்குவதே சரி.

அடுத்தது சாம்பார். தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்குப் பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம் என்பது மத்திய அரசின் அளவு. நூறு பேருக்கு இரண்டு கிலோ பருப்பு, ஐந்து கிலோ காய். கண்ணளவில் போட்டால் முதலில் குறைவது பருப்புதான். பருப்பு குழைவதற்கு முன்பே புளி ஊற்றினால் எவ்வளவு நேரம் எரித்தாலும் விறைத்தே நிற்கும். பிள்ளைகள் அதைத் தட்டில் ஒதுக்கிவிடுவார்கள். காயைக் கழுவிய பிறகே நறுக்க வேண்டும். முருங்கைக்கீரையைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்த்தால் போதும்.

முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மிதப்பதைத் தள்ளிவிட வேண்டும்.

ஒவ்வொரு மையத்திலும் பழுதில்லாத தராசு இருக்கிறதா என்று அதிகாரிகள் ஆய்வின்போது பார்க்க வேண்டும். அன்றைய பருப்பு அளவைக் கரும்பலகையில் எழுதி வைத்தால் பெற்றோரும் சரிபார்க்கலாம்.

– வாசகர், தஞ்சாவூர்