வலி நின்னா பல்லு சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

எங்க பக்கம் பல்லு வலின்னா மொதல்ல கிராம்பு, அதுக்கும் அடங்கலன்னா மெடிக்கல்ல போய் வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் வாங்கி போடுறது, கொஞ்ச நாள்ல வலி நின்னதும் அப்படியே மறந்துடுறாங்க. எனக்கு இதுதான் ரொம்ப கவலையா இருக்கு.

பல்லுக்கு மேல எனாமல், அதுக்குள்ள டென்டின், அதுக்கும் உள்ள நரம்பும் ரத்தக்குழாயும் இருக்குற பல்ப். சொத்தை மேலோட இருந்தா அடைச்சாலே போதும். பல்ப் வரைக்கும் போயிட்டா சூடா ஒரு வாய் டீ குடிச்சாலே விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், குடிச்சு முடிச்சும் நிக்காது, ராத்திரி படுத்தா இன்னும் ஜாஸ்தி. அப்புறம் ஒருநாள் வலியே காணாம போயிடும். குணமாகி இல்லீங்க, உள்ள நரம்பு செத்துப்போயிருக்கும், ஆனா கிருமி அங்கேயே இருந்து வேர் நுனி வழியா தாடை எலும்புல சீழ் கட்ட ஆரம்பிச்சிடும். ஆன்டிபயாடிக் ரத்தத்தோட தான் போகணும், செத்த பல்ப்புக்கு ரத்த ஓட்டமே கிடையாதே, எப்படி போய் சேரும்? காய்ச்சலோட வீக்கம் இருந்தா டாக்டரே எழுதிக்குடுப்பாரு, அது வேற. முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருந்தா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

இப்படி பல்ப் கெட்டுப்போன பல்ல பிடுங்காம காப்பாத்துற சிகிச்சை தான் ரூட் கேனால். அதுன்னாலே ஜனங்க பயப்படுறாங்க, ஆனா மரத்துப்போக ஊசி போட்டுட்டு தான் ஆரம்பிக்கிறாங்க. கெட்டுப்போன பல்ப்ப மெல்லிசான ஃபைல் வச்சு சுரண்டி எடுத்து, கிருமி சாக மருந்து விட்டு அலசி, கட்டா பெர்ச்சான்னு மரப்பால்ல செய்யுற ஒரு பொருளால வேர்க்குழாய அடைச்சிடுறாங்க. முன்பல்லுன்னா பெரும்பாலும் ஒரு குழாய், கடவாய்ப் பல்லுல மூணு நாலு இருக்கும், ஒண்ண விட்டாலும் மறுபடி சீழ் வரும், அதனால தான் நேரம் ஆகுது, டாக்டர் இழுத்தடிக்கிறார்னு நினைக்காதீங்க. மேல் பல்லுல கை வச்சா கண்ணு போயிடும்னு இன்னும் சொல்லிட்டு இருக்காங்க, அது சுத்தப் பொய்.

வேர் நெடுக்க விரிசல் விட்டிருந்தா பெரும்பாலும் எடுத்து தான் ஆகணும், அதையும் ஒத்துக்கணும். காப்பாத்த முடியுற பல்ல எதுக்கு பிடுங்கணும்ங்கறது தான் என் கேள்வி.

ரூட் கேனால் வரைக்கும் பண்ணிட்டு, பல்லு மேல மாட்டுற உறை, அதான் கேப், அத போடாம விட்டுடுறவங்க நிறைய பேர். எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படித்தான், காசு சேரட்டும்னு தள்ளிப்போட்டாங்க, முறுக்கு கடிக்கும்போது பல்லு ரெண்டா பிளந்துடுச்சு, செலவு பண்ண காசும் போச்சு பல்லும் போச்சு. டாக்டருங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேப்போட சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும்னு சொல்லிடணும். வசதி இல்லாதவங்க சென்னை கோட்டை ஸ்டேஷன் பக்கத்துல இருக்குற அரசு பல் மருத்துவக் கல்லூரி மாதிரி இடத்துல போய் கேக்கலாம், ஆனா ஊர்ல இருந்து வேலைய விட்டுட்டு எத்தனை தடவை போக முடியும்? தாலுகா ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் ரூட் கேனாலும் கேப்பும் கிடைக்க அரசு வழி பண்ணணும், உங்க பேப்பர்ல இத கொஞ்சம் அழுத்தி எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்