ஹெல்மெட்டில் ஒரு கொடி

ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்தம்பட்டியில் வாகன ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். ஏற்காட்டுக்குக் கிளம்பிய கல்லூரி மாணவர் ஒருவர், சிவப்பில் நீலப் பெருக்கல் குறியும் 13 நட்சத்திரங்களும் கொண்ட கொடியை ஹெல்மெட்டில் ஒட்டச் சொன்னார். "புரட்சிக் கொடி அண்ணா" என்றார். எந்தப் புரட்சி? அடிமை முறையைக் காக்கப் பிரிந்த அமெரிக்கத் தென் மாநிலங்களின் படை, 1861-65 உள்நாட்டுப் போரில் ஏந்திய கொடி அது. முன்னோர் பெருமை என்று அங்கே இன்றும் சிலர் பறக்கவிடுகிறார்கள். கறுப்பின மக்கள் பலருக்கோ அது சவுக்கடியின் நினைவு. 2015இல் தென் கரோலினா மாநிலத்தின் சார்லஸ்டன் நகரத் தேவாலயத்தில் கறுப்பினத்தவர் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவன் இதே கொடியோடு படம் எடுத்திருந்தான். அதன் பிறகே தென் கரோலினா சட்டமன்ற வளாகத்திலிருந்து அதை இறக்கினார்கள். மிசிசிப்பி மாநிலக் கொடியிலிருந்து நீங்க 2020 ஆனது.

ஒட்ட மாட்டேன் என்றேன். முறைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். அங்கே அது வாசலிலேயே தொங்குகிறது, நாற்பது ரூபாய்க்கு.

- ஸ்டிக்கர் கடைக்காரர், சேலம்