நந்தலாலா பாரு தாயி

தாயி, அப்பா எழுதுறேன். நல்லாருக்கியா, ஹாஸ்டல் சாப்பாடு இப்ப பரவால்லயா. அடுத்த மாசம் ஒனக்கு மனநல வார்டுல போஸ்டிங்னு அம்மா சொன்னா, அங்க போறதுக்கு முன்னாடி நந்தலாலா படத்த ஒருக்கா பாத்துரு, அத சொல்லத்தான் எழுதுறேன். மிஷ்கின் எடுத்து அவரே நடிச்சது, இளையராஜா மியூசிக். எடுத்து முடிச்சும் ரொம்ப நாள் ரிலீஸ் ஆகாம கெடந்து 2010ல வந்துச்சு, பெருசா ஓடல. கிகுஜிரோங்குற ஜப்பான் படத்த பாத்து எடுத்ததுன்னு அதையே பேசிப் பேசி படத்துக்குள்ள இருக்குறத விட்டுட்டாக.

அம்மாவ தேடி கெளம்புற ஸ்கூல் பையன், மனநல காப்பகத்துலருந்து தப்பிச்சு வந்த ஒருத்தன், ரெண்டு பேரும் ரோட்டுல சேந்து போறாக. பையனுக்கு அவன் அம்மாவுக்கு ஒரு முத்தம் குடுக்கணும். இவனுக்கு, தன்ன கொண்டாந்து விட்டுட்டுப் போன அம்மாவ ஓங்கி ஒரு அறை விடணும். அவுந்து விழுற பேண்ட்ட ஒரு கையில புடிச்சுக்கிட்டே நடப்பான் பாரு, அதுல சிரிக்க ஒண்ணுமே இல்ல. நம்ம சினிமால பைத்தியம்னா காமெடிக்குத்தான வருவாக, இதுல அவன் கோவத்துக்கு ஒரு நியாயம் இருக்கு, அத கடைசி வரைக்கும் மதிச்சு எடுத்துருக்காக.

மனசு சரியில்லாதவுகள கூட்டியாற ஏர்வாடி தர்காவுக்கு சவாரி ஓட்டுறவன் நான், ஒனக்கு தெரியும். கீழக்கரைல எறங்கி நாலு பேரா ஆட்டோல ஏறுவாக, அண்ணன்காரன் தம்பி கைய இறுக்கிப் புடிச்சிருப்பான், ஒருத்தரும் பேச மாட்டாக, ரெண்டு நாள் கழிச்சு திரும்பறப்ப மூணு பேராத்தான் ஏறுவாக. கல்நெஞ்சுன்னு சொல்ல எனக்கு வாய் வராது, நெலத்த வித்து வைத்தியம் பாத்து ஓஞ்சு போயி வந்தவுக அவுக. ஆனா விட்டுட்டு வந்த அந்த புள்ள என்ன நெனைக்கும்னு யாரு கேட்டா? அததான் இந்த படம் கேக்குது.

நீ பொறக்குறதுக்கு முன்னாடி, 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலைல இங்க ஒரு காப்பகத்துல கொட்டகை தீப்புடிச்சு 28 பேரு செத்தாக, சங்கிலில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியல. இப்ப யாரையும் சங்கிலில கட்டக் கூடாதுன்னு 2017 மனநல சட்டத்துலயே இருக்கு, தர்காவுல துவாவும் உண்டு, டாக்டரு குடுக்குற மாத்திரையும் உண்டு. அந்த மட்டும் நல்லது.

அறையணும்னு போனவன் அம்மாவ கண்டுபுடிக்கிறான். அவளும் புத்தி பேதலிச்சு, கவனிக்க நாதியில்லாம கெடக்கா. கதைய சொல்லிட்டேன்னு கோவிக்காத, தெரிஞ்சுக்கிட்டு பாத்தாலும் நெஞ்ச அடைக்கும்.

வார்டுல யாராச்சும் வீட்டாள திட்டுனா, நோய்ல பேசுதுன்னு தள்ளிட்டுப் போயிராத தாயி, கொஞ்ச நேரம் நின்னு கேளு. படத்த தனியா பாக்காத, ரூம் புள்ளைகளோட பாரு. பாத்துட்டு ஞாயித்துக்கெழம போன் பண்ணு, அந்த அம்மாவ பத்தி நீ என்ன நெனைக்குறன்னு எனக்கு கேக்கணும், ஸ்டாண்டுல இத பேச எனக்கு ஆளில்ல.

அப்பா