பின்கழுத்துல இருக்கது அழுக்கு இல்ல

ஆசிரியருக்கு வணக்கம். பாளையங்கோட்டையில மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். "அண்ணாச்சி, பயலுக்கு பின்கழுத்துல அழுக்கு போவவே மாட்டேங்கு, தேச்சு தேச்சு பாத்தாச்சு, நல்ல க்ரீமா ஒண்ணு தாங்க"ன்னு அம்மாமார் வந்து கேக்காவ. கூட நிக்கவன் ஒன்பதாப்போ பத்தாப்போ படிப்பான், தொப்பையோட இருப்பான், கழுத்தும் கக்கமும் வெல்வெட் துணி மாதிரி தடிச்சு கறுத்திருக்கும். ஒடம்புல கொழுப்பு கூடிட்டா இன்சுலின் சரியா வேல செய்யாது, அத ஈடுகட்ட கணையம் இன்னும் இன்னும் சுரக்கும், ரத்தத்துல அப்படி கூடிப்போன இன்சுலின்தான் பெரும்பாலும் தோல இப்படி ஆக்குது, இதுக்கு சுகர் டெஸ்ட்தான் எடுக்கணும், க்ரீம் தடவி பிரயோஜனமில்லன்னு சொன்னா "வளர்ற பிள்ள, உயரம் கூடுனா வத்திரும்"ங்காவ. சில பிள்ளைக்கு வத்தும்தான். ஆனா பதின்வயசுல அப்படி குண்டா இருக்கவங்கள்ல முக்காவாசிப் பேரு பெரியாளானப்புறமும் அப்படியேதான் இருக்காங்க.

சுகர்னா தாத்தா பாட்டிக்கு வர்றதுன்னு ஒரு நெனப்பு நமக்கு. இப்ப மருந்துச்சீட்டுல வயசு 14ன்னு இருக்கு, எழுதியிருக்கது மெட்ஃபார்மின்ங்க சுகர் மாத்திர. இந்த வயசுல வர்ற டைப் 2 சுகர் பெரியவங்களுக்கு வர்றத விட வேகமா முத்தும், முப்பது வயசுக்குள்ளயே கண்ணு, கிட்னியில கைய வச்சிரும். கூடவே பிரஷர், ஈரல்ல கொழுப்பு, பொம்பளப் பிள்ளையளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போற பிசிஓஎஸ்ங்க சினைப்பை கோளாறு எல்லாம் வரிசையா வரும். கொறட்ட விடுத பிள்ளைய "அசந்து தூங்குதான்"னு விட்ராதிய, அதுவும் மூச்சு அடைக்கதா இருக்கலாம்.

அல்வா திங்காதன்னு சொல்ல நான் என்ன கோட்டியா, திருநெல்வேலியில இருந்துக்கிட்டு! என்னைக்கோ ஒரு நாள் திங்கதுல்லா அது. டியூஷன் விட்டு வரையில தெனமும் புரோட்டா சால்னா, கூட ஒரு கோலா, அதுதான் பிரச்சன. 250 மில்லி கோலாவுல அஞ்சாறு ஸ்பூன் சீனி இருக்கு. ஸ்கூல் வாசல்லேர்ந்து 50 மீட்டருக்குள்ள இந்த மாதிரி சீனி, உப்பு, கொழுப்பு கூடுன ஐட்டம் விக்கக்கூடாதுன்னு 2020-லயே எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) ரூல் போட்டாச்சு, எங்க தெரு ஸ்கூல் வாசல்ல பெட்டிக்கடை முழுக்க அதான் தொங்குது. விளையாட்டு பீரியடையும் கணக்கு வாத்தியார் எடுத்துக்கிடுதாரு.

என் கோரிக்கை இதுதான். அரசு வீடு தேடி எடுக்க சுகர், பிரஷர் பரிசோதனையெல்லாம் பெரியவங்களுக்குத்தான். ஸ்கூலுக்கு வர்ற டாக்டர் டீம் எடை, உயரத்தோட பிள்ளைய பின்கழுத்தையும் ஒரு தடவ பாத்து, பிரஷரும் எடுத்து, சந்தேகம் உள்ளவங்கள ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கணும். பாக்கையில மத்த பிள்ளைய முன்னால வேண்டாம், தனியா கூப்ட்டு பாக்கட்டும்.

— ஒரு மருந்துக்கடைக்காரர், பாளையங்கோட்டை