மண்டபத்துச் சோறு

அன்புள்ள ராஜி,

உன் பொங்கல் கடிதத்துக்குப் பதில் போடாமல் புரட்டாசியே பிறந்துவிட்டது. திட்ட வேண்டியதை அடுத்த கடிதத்தில் மொத்தமாகத் திட்டிக்கொள். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, பேத்தி நடக்கிறாள், மழை இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் வீட்டுப் பாலில் கொழுப்பு 2.7!

சிரிக்காதே. இருபத்தெட்டு வருஷம் ஊர்ப் பாலுக்கெல்லாம் மார்க் போட்ட கை இது. எங்கள் லட்சுமி ஜெர்சிக் கலப்பு, ஆடி முழுக்க 4.1, 4.2 என்று கொடுத்தவள். திடீரென்று பால் சங்கத்து மெஷின் 3.4 என்றது, அப்புறம் 3.1, ஒரு திங்கட்கிழமை காலையில் 2.7. வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வந்ததே ஒரு கோபம்! மெஷினைக் கடைசியாக எப்போது கழுவினாய், யார் சரிபார்த்தது என்று அந்தப் பையனைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவன் நிதானமாக, "அக்கா, வேணும்னா நீங்களே போட்டுப் பாத்துக்கங்க" என்றான்.

போட்டுப் பார்த்தேன். நம்ம பழைய லேபில் செல்வி இன்னும் இருக்கிறாளே. 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதுமே உன் சந்தனக் கலர் புடவை கண் முன்னால் வந்துவிட்டது. சுற்றி எடுத்துக் குழாயைத் தூக்கிப் பார்த்தால் அதே 2.7. மெஷின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் போயிற்று. தண்ணீர் கலந்திருந்தால் எஸ்.என்.எஃப்.பும், அதாவது கொழுப்பு போக மிஞ்சும் திடப்பொருளும், சேர்ந்து இறங்க வேண்டும், அது 8.5இல் கல் மாதிரி நிற்கிறது. மடிநோய் என்றால் பால் கரிக்க வேண்டும், கறவை குறைய வேண்டும். இவளோ அரை லிட்டர் கூடுதலாகக் கறக்கிறாள். கொழுப்பு மட்டும் எங்கே போகிறது? சமையலறைத் தினசரி காலண்டரில்தான் நான் ரீடிங் குறிப்பது வழக்கம். அதைப் புரட்டிப் பார்க்கும்போதுதான் பிடிபட்டது. ஆவணி முதல் முகூர்த்தம் கழிந்த வாரத்திலிருந்து இறக்கம்!

எங்கள் வீட்டுக்காரர்தான். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோறு வீணாகிறதே என்று வாளி வாளியாகக் கொண்டுவந்து அவளுக்குப் போட்டிருக்கிறார். எனக்குத் தெரியாமல் வேறு! மகாலட்சுமிக்கு விருந்தாம்.

இதில் ஒரு வேடிக்கை கேள். பால் கொழுப்பில் ஏறக்குறைய பாதி மடியிலேயே உருவாகிறது, அதற்கு மூலப்பொருள் வைக்கோலும் புல்லும் வயிற்றில் புளித்து வரும் அசிட்டிக் அமிலம், அதாவது நம்ம காடி, அது குறைந்தால் கொழுப்பு குறையும், இப்படித்தானே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? கதை அதோடு முடியவில்லையாம். சோறு மாதிரி மாவுச்சத்து மொத்தமாக உள்ளே போனால் சட்டென்று புளித்து அமிலம் ஏறுகிறது, மாடு அசைபோடுவது குறைகிறது, அதனால் அமிலத்தை அடக்க வேண்டிய உமிழ்நீரும் குறைகிறது. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டமே மாறிப்போகிறது. தவிட்டிலும் புண்ணாக்கிலும் உள்ள எண்ணெயை அந்தப் புதுக்கூட்டம் வேறு மாதிரி மாற்றி, டிரான்ஸ்-10, சிஸ்-12 என்று ஒரு கொழுப்பு அமிலத்தைச் செய்துவிடுகிறது. அது ரத்தத்தோடு மடிக்குப் போய் அங்கே கொழுப்பு செய்யும் வேலையையே நிறுத்துகிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேல் பௌமன் குழுவினர் 2000இல் அதைத் தனியாக எடுத்து நாளைக்கு 10 கிராம் வீதம் பசுக்களின் நாலாம் வயிற்றுக்குள் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். நாலே நாளில் கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல் விழுந்திருக்கிறது. வெறும் 10 கிராம், ராஜி! நாம் காப்பிக்குப் போடும் சர்க்கரை அளவு. இவ்வளவு காலம் அந்த லேபில் உட்கார்ந்திருந்தேன், இது எனக்குத் தெரியாது.

இவ்வளவோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். செல்வியிடம் போனபோது முதல் பீச்சையும் கடைசிப் பாலையும் தனித்தனிப் பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். முதலாவது 1.2. கடைசி 6ஐத் தாண்டியது. பரீட்சைக்குப் படித்த பாடம்தான், நீயும் எழுதியிருப்பாய். ஆனால் இரண்டு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தபோது அந்தப் பாட்டி ஞாபகம் வந்துவிட்டாள். 1994 கோடை. பித்தளைச் சொம்பு, காதில் தண்டட்டி. பால்மானி இறங்கவில்லை, அதாவது தண்ணீர் கலக்கவில்லை, கொழுப்பு மட்டும் 2.6. ஆடை எடுத்துவிட்டு ஊற்றுகிறாள் என்று நான் சொன்னேன், நீ நோட்டில் எழுதினாய். அவள் என்ன சொன்னாள் என்று நினைவிருக்கிறதா? "கன்னுக்குட்டிய கடைசியில அவுத்து உட்டுருவனுங்க அம்மணி, அதுவும் பொழைக்கோணுமில்லீங்க."

நாம் சிரித்தோம், ராஜி. காரணத்தை அவளே சொல்லிவிட்டாள், படித்த இரண்டு பேருக்கும் காதில் ஏறவில்லை. அத்தனை பேர் முன்னாலும் திருடி என்று சொல்லாமல் சொல்லி அனுப்பினோம். அதற்கப்புறம் அவள் பால் கொண்டுவரவே இல்லை. கொஞ்ச நாள் கழித்து மாட்டை விற்றுவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள், நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லட்சுமிக்கு இப்போது வைக்கோலும் சோளத்தட்டும்தான், நேற்று 3.9க்கு வந்துவிட்டாள். சங்கத்துப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன், அவன் வெட்கப்பட்டுக்கொண்டு கேனைக் கழுவப் போய்விட்டான். இவர்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பாட்டி பேர் என்ன? வாய்க்கால் மேட்டு ஊர் என்பது வரை ஞாபகம் இருக்கிறது, பேர் வரமாட்டேன் என்கிறது. அவள் இருக்கமாட்டாள், மகனோ மருமகளோ இருப்பார்கள் இல்லையா. நோட்டு உன் கையெழுத்துதான். கடிதம் எழுதச் சோம்பலாக இருந்தால் பேரை மட்டும் போனில் அனுப்பு. புடவை விஷயம் மாதிரி இதையும் மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

உன்
சாந்தா