தெற்கே பள்ளத்தைக் காணோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறைக்கு மன்னார்குடி வந்திருக்கும் அக்கா மகன் இரண்டாம் உலகப் போர் வீடியோ கேம் ஒன்றைக் காட்டி, "மாமா, இதுதான் எல் அலமெய்ன்" என்றான். திரை முழுக்க வழவழவென்று மணல்மேடு, நடுவில் நாலு ஈச்சமரம். ஒட்டகம் ஒன்றுதான் பாக்கி.

எகிப்தில் 1942இல் பிரிட்டிஷ் தரப்புக்கும் ஜெர்மன்-இத்தாலியப் படைகளுக்கும் சண்டை நடந்த இடம் அப்படிப்பட்டதல்ல. பெரும்பாலும் கல்லும் சரளையும் புழுதியுமான தட்டைத் தரை, பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும், அதனால் கல்லை அடுக்கி அதன் மறைவில் படுத்துக் கிடந்தார்கள். வடக்கே கடல், தெற்கே கட்டாரா பள்ளம், இடையில் சுமார் 60 கிலோமீட்டர். பள்ளத்தின் ஓரம் செங்குத்து, அடியில் உப்புச்சேறு, டாங்கி இறங்கினால் புதைந்துவிடும். சுற்றி வளைக்க வழியில்லாமல் நேருக்கு நேர் மோதியதே அதனால்தான். இவனோ தெற்குப் பக்கமாக ஜீப்பை விட்டு, ஐந்தே நிமிடத்தில் எதிரியின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறான்! அப்புறம் அது என்ன எல் அலமெய்ன்?

ருவைசாத் மேடும் அதில் இல்லை. அந்த ஜூலையில் இந்தியப் படைகளும் சேர்ந்து ரத்தம் சிந்திய இடம், ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் மேடு என்றே தோன்றாது. அரையடி மேடான வயலுக்குத் தண்ணீர் ஏற்ற என்ன பாடு என்று நம் கடைமடைக்காரர்களுக்குத் தெரியும், அவர்களிடம் கேட்டிருந்தால் கேம் செய்தவர்கள் அந்த மேட்டை விட்டுவிட்டிருக்க மாட்டார்கள்.

கண்ணிவெடிகள் ஏறக்குறைய 5 லட்சம் புதைக்கப்பட்டிருந்தன. கேமில் எண்ணி ஆறு, அதுவும் சிவப்பாக மின்னுகிறது. வட ஆப்பிரிக்காவில் கண்ணிவெடியை அகற்றுவது போன்ற வேலைக்கென்றே இருந்த பொறியாளர் படைகளில் நம் மெட்ராஸ் சாப்பர்களும் உண்டு, ராணுவத்தில் அவர்களுக்குப் பட்டப்பெயரே 'தம்பி'. முள்கம்பியைத் தகர்க்கும் குழாய்வெடியான பெங்களூர் டார்பிடோ, 1912இல் அந்தப் படையின் அதிகாரி மெக்லின்டாக் உருவாக்கியது, அது மட்டும் கேமில் கிடைக்கிறது. தம்பியைத்தான் காணோம்.

60 கிலோமீட்டரையும் அப்படியே வைக்கச் சொல்லவில்லை, சுருக்கிக்கொள்ளட்டும். சரி, பள்ளத்தையாவது வைக்கலாமே? ஆட்டம் சப்பென்று போய்விடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நேற்று கரண்ட் போனபோது திண்ணையில் சாக்பீஸால் கடலும் பள்ளமும் வரைந்து, நடுவில் புளியங்கொட்டையைக் கண்ணிவெடியாகப் பரப்பி, தீப்பெட்டி டாங்கியை அவன் கையில் கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் கடக்கவில்லை. கரண்ட் வந்தது, அவன் எழுந்திருக்கவில்லை.

ஒரு வாசகர்,
மன்னார்குடி