முள்கரண்டி பிடிக்கச் சொல்லித் தந்தவர்களுக்கு

எங்கள் கல்லூரியின் வெளிநாட்டு உறவுகள் பிரிவில் இருக்கும் சார், மேடம் எல்லோருக்கும் வணக்கம்.

2024 அக்டோபரில் ஒரு செமஸ்டர் படிக்க நீங்கள் ஜெர்மனிக்கு அனுப்பிவைத்த எம்.எஸ்சி. வேதியியல் மாணவன் நான். ஊர் திரும்பியதும் என்னிடம் மூன்று கேட்டீர்கள்: போர்டிங் பாஸ், வருகைச் சான்றிதழ், ஆண்டு மலரில் போடப் பனியில் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ. மூன்றையும் கொடுத்துவிட்டேன். அங்கே எப்படி இருந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

புறப்படும் முன் இரண்டு மணி நேரம் ஓரியண்டேஷன் வைத்தீர்கள். கத்தி எந்தக் கையில், முள்கரண்டி எந்தக் கையில் என்பதிலேயே பாதி நேரம் போனது. மீதி நேரம் பிளேசர், எதற்கெடுத்தாலும் தேங்க் யூ, அப்புறம் ‘நீங்கள் எல்லாம் நாட்டின் தூதர்கள்’. ஐந்து மாதத்தில் நான் பிளேசர் போட்டது ஒரே ஒரு நாள், அதுவும் உங்கள் பனி போட்டோவுக்காக.

நான் ஹாலே நகரத்தில் போய் இறங்கியது அக்டோபர் 2 ராத்திரி. மறுநாள் அரிசி வாங்கலாம் என்று கிளம்பினால் ஊரே அடைத்துக் கிடக்கிறது. ஏதோ பந்த் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்டோபர் 3, இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான நாள், தேசிய விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், கடை அடைப்புக்குச் சட்டமே இருக்கிறது. அம்மா கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சல் பெட்டியில் இருந்தது, சோறுதான் இல்லை. ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும் என்று விடுதி வாசலில் ஒரு பையன் சொன்னான். ரொட்டி வாங்கிவந்து அதில் புளிக்காய்ச்சலைத் தடவிச் சாப்பிட்டேன். அதற்கு முள்கரண்டி தேவைப்படவில்லை.

இதே விடுமுறை விஷயம் ஒரு முறை எனக்குச் சாதகமாகவும் அமைந்தது. அக்டோபர் 31, 1517இல் மார்ட்டின் லூதர் விட்டன்பெர்க்கில் கிளப்பிய கிறிஸ்தவ மதச் சீர்திருத்தத்தை நினைக்கும் நாள். ஹாலேயும் விட்டன்பெர்க்கும் ஒரே மாநிலம் என்பதால் அன்று எங்களுக்கு லீவு. 2024இல் தீபாவளியும் அதே தேதி. லூதர் புண்ணியத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.

வீட்டுக்கு வருகிறேன். நான்கு பேர் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டோம், சமையலறை பொது. முதல் ஞாயிறு மதியம், உடனிருந்த ஜெர்மன் பெண் ஆப்பிள் கேக் சுட்டார். வீடு முழுக்க லவங்கப்பட்டை வாசம். எனக்கோ அகோரப் பசி. “சாப்பிடுகிறாயா?” என்றார். “பரவாயில்லை, வேண்டாம்” என்றேன். நம் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்: இன்னொரு தடவை கேளுங்கள், அப்புறம் எடுத்துக்கொள்கிறேன். அவர் “சரி” என்று சொல்லிவிட்டுத் தட்டோடு அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் அடுப்பங்கரையில் நின்றபடி அந்த வாசத்தை மட்டும் சாப்பிட்டேன்.

பிறகு ஒரு நாள் கடுகு தாளித்தேன். அதே பெண் வந்து, “ஜன்னலைத் திறந்துவைத்துச் சமை, என் கோட்டெல்லாம் வாடை அடிக்கிறது” என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. இனி இந்த வீட்டில் எப்படி முகத்தில் முழிப்பது என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். காலையில் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி, “காபி போடட்டுமா?” என்கிறார். அவரைப் பொறுத்தவரை பிரச்சினை ஜன்னல்தான், நான் இல்லை. இந்த முறை முதல் தடவையிலேயே “போடுங்கள்” என்று சொல்லிவிட்டேன்.

வகுப்பில் நடந்தவை வேறு ரகம். கால அட்டவணையில் 10 மணிக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று இரண்டு எழுத்து போட்டிருக்கும். லத்தீன் சுருக்கம், கால் மணி நேரம் சேர்த்துக்கொள் என்று பொருள். வகுப்பு 10.15க்குத்தான். ‘எஸ்.டி.’ என்று இருந்தால் சொன்ன நேரம் சொன்ன நேரமே. எனக்கு இது தெரியாது. முதல் நாள் 9.50க்கே போய் வெறும் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேராசிரியர் உள்ளே வந்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றேன். நின்றது நான் மட்டும்தான். ஏதோ கேள்வி கேட்கப் போகிறேன் என்று நினைத்து அவரும் காத்திருந்தார்.

இரண்டாவது வாரம் பேராசிரியர், ‘ஹெர்’ (நம் ‘திரு’) என்று அடைமொழி போட்டு என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்பாவை எதற்கு இங்கே தேடுகிறார்கள் என்று ஒரு விநாடி திகைத்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் நாம் எல்லோரும் அப்பா பெயரைத்தானே போடுகிறோம்? அந்த ஐந்து மாதமும் நான் அப்பாவாகவே வாழ்ந்தேன். போனில் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, “ஒழுங்கா படி, அங்க கெடுறது என் பேரு” என்றார்.

ஜெர்மனில் ‘நீ’க்கு டூ, ‘நீங்கள்’க்கு ஸீ. ஆங்கிலத்தில் இல்லாத இந்த ஏற்பாடு நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். நீங்களோ ஆங்கிலேயர் பழக்கத்தைத்தான் எங்களுக்கு ஊட்டி அனுப்பினீர்கள். வித்தியாசம் எங்கே என்றால், அங்கே பேராசிரியரும் மாணவனை ‘நீங்கள்’ என்றுதான் சொல்கிறார். ஒரு நாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி, கையைக்கூட முழுதாகத் தூக்காமல், “மூன்றாவது வரியில் மைனஸ் குறி வர வேண்டும்” என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பேராசிரியர் இரண்டடி பின்னால் நகர்ந்து கரும்பலகையைப் பார்த்தார். “ஷ்டிம்ட்” என்றார். சரிதான் என்று அர்த்தம். அழித்தார், எழுதினார், அடுத்த வரிக்குப் போனார். அவ்வளவுதான் நடந்தது. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மேசையை விரல் முட்டியால் தட்டினார்கள். அவமானப்படுத்துகிறார்களோ என்று பயந்தேன். அது அவர்கள் ஊர்க் கைதட்டல்.

இதையெல்லாம் சொல்லி நம் ஆசிரியர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். திரும்பி வந்த அன்று என் கைடு, “என்னடா, இப்படி இளைச்சுப் போயிட்ட?” என்று கேட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐந்து மாதமாக யாரும் என்னை ‘டா’ போடவில்லை. ஆனால் அவர் கரும்பலகையில் எழுதும்போது மைனஸ் குறி விட்டுப்போனால் நான் இன்றும் வாய் திறக்க மாட்டேன் என்பதும் உண்மை.

சரி, வருத்தத்துக்கு வருகிறேன். அங்கே ஒரு பாடத்தில் உட்காருவது வேறு, அதன் பரீட்சைக்குப் பெயர் பதிவது வேறு. குறிப்பிட்ட தேதிக்குள் இணையத்தில் நாமே பதிய வேண்டும். நம் ஊரில் ஆபீசில் இருந்து பட்டியல் வரும், கையெழுத்துப் போடுவோம். அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டேன். ஒரு பாடம் போனது. வந்த மின்னஞ்சலை ஒழுங்காகப் படிக்காதது என் தப்பு, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு முந்தைய வருடம் போன அக்காவுக்கும் இதேதான் நடந்திருக்கிறது. அவரிடமும் நீங்கள் போட்டோதான் கேட்டிருக்கிறீர்கள்.

தேறிய பாடம் ஒன்றில் எனக்கு 1.7 வந்தது. அங்கே 1.0தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. நம் அலுவலகத்தில் அதைப் பத்துக்கு 1.7 என்று எடுத்துக்கொண்டு ‘அரியர்’ போட்டுவிட்டார்கள். கவுண்டரில் போய் விளக்கினால், “குறைஞ்ச மார்க் எப்படிப்பா நல்ல மார்க் ஆகும்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது. பவேரியச் சூத்திரம் என்று ஒன்றை வைத்துத்தான் ஜெர்மானியர்கள் நம் மதிப்பெண்ணை மாற்றிக்கொள்கிறார்கள். அதையே திருப்பிப் போட்டால், உச்சம் 10, தேர்ச்சி 5 என்று வைத்து, என் 1.7க்குச் சுமார் 8.8 வரும்.

ஹாலேயில் ஃபிராங்கே என்ற பாதிரியார் தொடங்கிய நிறுவனங்களின் பழைய வளாகத்துக்குப் போயிருந்தேன். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு படித்த ஊர் அது. லத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் அங்கேதான் அச்சானது. அந்த வளாகத்தின் ஆவணக்காப்பகத்தில் இன்றும் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. மதம் பரப்ப வந்தவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவரும் கூட்டாளி கிரண்ட்லரும் தமிழர்களிடம் உங்கள் வழக்கம் என்ன, நம்பிக்கை என்ன என்று கேள்விகள் அனுப்பி, வந்த பதில் கடிதங்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார்கள். அவை அச்சிலும் வந்தன. முன்னூறு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தியது.

அடுத்த பேட்ச் செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறது. போய்வந்தவர்கள் நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். ஒரு சனிக்கிழமை மதியம் செமினார் ஹாலைத் திறந்துவிடுங்கள், போதும். பிபிடி வேண்டாம். பரீட்சைக்குப் பெயர் பதிவது எப்படி, கேக் தட்டு வரும்போது என்ன சொல்வது, இரண்டையும் நாங்களே சொல்லிக்கொடுத்துவிடுவோம். அப்படியே என் மார்க் ஷீட்டில் அந்த அரியரையும் எடுத்துவிடுங்கள். மே மாதத்துக்குள் நடந்தால் நல்லது; அப்பா தினமும் கேட்கிறார், பேர் அவருடையதாயிற்றே.

இப்படிக்கு,
வேதியியல் துறை, இரண்டாம் ஆண்டு